டாக்டராண்ட கேளுங்க: புள்ளைங்க தன்னையே காயப்படுத்திக்கும்போது

போன இதழ்ல டீன் ஏஜ் புள்ளைங்க கோவத்தைப் பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாம் பிரிச்சுப் பாத்தா நிறைய பேரு கோவத்தை ஓரமா வெச்சிட்டு வேற ஒண்ணைக் கேட்டிருக்கீங்க, புள்ள தன் கையை தானே காயப்படுத்திக்குது, இதுக்கு நெட்ல என்னமோ ஒரு வியாதி பேரு போட்டிருக்கான், அது உண்மையான்னு. அதனால இந்த இதழ் முழுக்க அதுதான். ஊர் பேரை மட்டும் அப்படியே வெச்சிருக்கேன், ஆளை கண்டுபுடிக்கிற மாதிரி இருந்த விவரத்தை மாத்திட்டேன். எதால, எப்படி காயப்படுத்திக்கிட்டாங்கன்றதை எல்லாம் வேணும்னேதான் எடுத்துட்டேன், இந்த பக்கத்தை அந்தப் புள்ளைங்களும் படிப்பாங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 16 வயசு, பதினொண்ணாவது படிக்கிறா. ரெண்டு வருஷமாவே ஒரு மாதிரி இருக்கா. காலைல என்னை கட்டிக்கினு அழுவா, சாயந்திரம் நீ எனக்கு அம்மாவே இல்லன்னு கதவை அடிச்சு சாத்துவா. ஃப்ரெண்டு ஒருத்தி மெசேஜுக்கு பதில் போடலன்னா அன்னைக்கு சோறு கிடையாது. இந்த வருஷம் கெங்கையம்மன் சிரசு திருவிழாக்கு சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க, அந்த வெயில்ல ஃபுல் ஹேண்ட் சட்டை போட்டுக்கினே இருந்தா. நைட்டு தூங்கும்போது பாத்தேன், முழங்கைக்கு கீழ வரிசையா தழும்பு. எங்க அக்கா பொண்ணு சென்னையில வேலை செய்றா, அவ நெட்ல பாத்துட்டு இது பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர், வாழ்நாளெல்லாம் போவாதுன்றா. மாமியார் காத்து கருப்புன்றாங்க. வீட்டுக்காரர் திமிரு, நாலு சாத்து சாத்தினா சரியாப் போவும்ன்றார். நான் யார் பேச்சை கேக்கறது? (குடியாத்தம் வாசகி)

பதில்: அம்மா, மூணு பேர் பேச்சும் வேணாம். மொதல்ல இன்னைக்கு ராத்திரி என்ன பண்ணணும்னு சொல்லிடறேன், வியாதி பேரு அப்புறம். அவளாண்ட தனியா உக்காந்து, டிவி ஓடாத நேரமா பாத்து, நேராவே கேளுங்க, "செத்துப் போயிடலாம்னு தோணுதா கண்ணு"ன்னு. கேட்டா நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடுமோன்னு எல்லா அம்மாவும் பயப்படறாங்க. ஆகாது. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா முளைக்காது, ஏற்கனவே உள்ள இருந்தா சொல்றதுக்கு ஒரு வாசல் கிடைக்கும். ஆமான்னு சொல்லி, எப்போ எப்படின்னு வேற யோசிச்சு வெச்சிருக்கான்னு தெரிஞ்சா ஒரு நிமிஷம் கூட தனியா விடாதீங்க, விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க. இல்லன்னு சொன்னாலும் வீட்டுல இருக்கிற மாத்திரை அட்டை, மாமியாரோட சுகர் பிரஷர் மாத்திரை டப்பா, எலி மருந்து, நெலம் இருந்தா பூச்சி மருந்து, எல்லாத்தையும் பொட்டியில போட்டு பூட்டி சாவியை உங்க இடுப்புல வெச்சிக்கோங்க. அவளை நம்பாத மாதிரி ஆயிடுமேன்னு யோசிக்காதீங்க, அவளாண்டயே சொல்லிட்டு செய்ங்க. அந்த வேகம் பல சமயம் கொஞ்ச நேரத்துல தணியுது, அந்த கொஞ்ச நேரத்துல கைக்கு எட்டற தூரத்துல எதுவும் இல்லன்றதே பெரிய காவல்.

இப்போ திமிரான்ற கேள்விக்கு வரேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் கேட்டேன்னு ஒண்ணு கேளுங்க, நாலு பேரு பாக்கணும்னு பண்றவ வைகாசி வெயில்ல, அதுவும் நம்ம வேலூர் ஜில்லா வெயில்ல, ஃபுல் ஹேண்ட் போட்டு மறைப்பாளா? இந்தப் புள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க மறைக்கத்தான் பாக்கறாங்க. உள்ள ஒரு வேதனை பால் பொங்கற மாதிரி சர்ருன்னு ஏறுது, அதை தணிக்க அவங்களுக்கு வேற வழி தெரியல, உடம்புல ஒரு வலி வந்ததும் மனசுல இருக்கிறது கொஞ்ச நேரம் அடங்குது. சில புள்ளைங்களுக்கு நேர்மாறா உள்ள ஒண்ணுமே இல்லாம மரத்துப் போன மாதிரி இருக்கும், எதையாவது உணரணும்னு பண்ணுவாங்க. சிலர் தன்னைத் தானே தண்டிச்சிக்கிறாங்க. அடங்கினதும் அசிங்கமா இருக்கும், அந்த அசிங்கமே அடுத்த வாட்டிக்கு காரணமா போய் நிக்கும். இதுல நாலு சாத்து சாத்தினா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. சாகணும்ன்ற எண்ணம் இல்லாமலே நிறைய புள்ளைங்க இதை செய்றாங்கன்றது நிஜம், ஆனா அதை கேட்டுட்டு அப்பாடான்னு உக்காந்துடாதீங்க, இப்படி காயப்படுத்திக்கிற புள்ளைங்களுக்கு பின்னாடி தற்கொலை முயற்சிக்கான ஆபத்து மத்தவங்களை விட அதிகம். அதனாலதான் இன்னைக்கே கேளுங்கன்னு சொன்னேன்.

அக்கா பொண்ணு சொன்ன பேருக்கு வரேன். பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர், சுருக்கமா பிபிடின்னு ஒண்ணு நிஜமாவே இருக்குது, ரீல்ஸ்காரங்க கண்டுபுடிச்சது இல்ல. விட்டுட்டுப் போயிடுவாங்களோன்ற தாங்க முடியாத பயம், ஒருத்தரை தலையில தூக்கி வெச்சிட்டு அடுத்த நாள் தரையில போட்டு மிதிக்கிற மாதிரி உறவு, நான் யாருன்னே தெரியலன்ற கொழப்பம், யோசிக்காம எதையாவது பண்றது, தன்னை காயப்படுத்திக்கிறது இல்லன்னா தற்கொலை பேச்சு, மணிக்கு மணி மாறுற மனசு, எப்பவும் ஒரு வெறுமை, அடக்க முடியாத கோவம், ரொம்ப டென்ஷன்ல சந்தேகமோ தன்னையே மறந்த மாதிரியோ ஆவறது. அமெரிக்க மனநல டாக்டருங்க சங்கம் போட்ட டிஎஸ்எம்-5 புத்தகத்துல இந்த ஒம்போதுல அஞ்சாவது இருக்கணும்னு வெச்சிருக்காங்க, 18 வயசுக்கு கீழ இருந்தா குறைஞ்சது 1 வருஷமா தொடர்ந்து இருக்கணும். உலக சுகாதார நிறுவனத்தோட வியாதிப் பட்டியல் ஐசிடி-11, 2022ல இருந்து நடைமுறையில இருக்கிறது, அதுல சுமார் 2 வருஷமாவது இருக்கணும்ன்றாங்க. இதையெல்லாம் படிச்சிட்டு நீங்க வீட்டுல டிக் போட ஆரம்பிக்காதீங்க! பதினாறு வயசுப் புள்ள எதுக்கும் இதுல ரெண்டு மூணு தேறும்.

ஆனா ரெண்டு வருஷம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதனால இதை வயசுக் கோளாறு, கல்யாணம் ஆனா சரியாப் போவும்னு தள்ளி விடவும் எனக்கு மனசு வரல. என் வேலையில ரெண்டு வகை அவசரத்தையும் பாக்கறேன். ஒரே சிட்டிங்ல பேரு ஒட்டி அனுப்பறது ஒண்ணு, 18 ஆவட்டும் அப்புறம் பாக்கலாம்னு எதுவுமே சொல்லாம இழுத்தடிக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் இப்ப ஜாஸ்தி கெடுதல் பண்ணுதுன்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா பேரு வைக்கலன்னாலும் வைத்தியத்தை ஆரம்பிக்கலாம். இதே மாதிரி தெரியற வேற பிரச்சனையும் இருக்குது, டிப்ரெஷன்ல புள்ளைங்க அழுமூஞ்சியா இல்லாம எரிஞ்சு விழுவாங்க, பைபோலார்ல மூடு மாறுறது மணிக்கணக்குல இல்லாம நாள்கணக்கு வாரக்கணக்குல போவும், ஏடிஎச்டின்னு கவனம் ஒரு எடத்துல நிக்காத பிரச்சனை இருக்கலாம், யாராவது தப்பா நடந்துக்கிட்டதை வெளிய சொல்ல முடியாம வெச்சிருக்கலாம். இதெல்லாம் பிரிச்சுப் பாக்க ஒரே நாள் போதாது, அவளாண்ட தனியா, உங்ககிட்ட தனியா, அப்புறம் சேத்து வெச்சுன்னு சில தடவை பேசணும்.

"வாழ்நாளெல்லாம் போவாது"ன்னு சொன்னது பழைய பேச்சு. பாஸ்டன் பக்கத்துல மெக்லீன் ஆஸ்பத்திரியில இந்த பிரச்சனையோட சேந்த பெரியவங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க, 2010ல 10 வருஷ ரிசல்ட் வந்தது, 93 சதவீதம் பேருக்கு குறைஞ்சது 2 வருஷமாவது அறிகுறி தணிஞ்சு இருந்துச்சு. வேலை, உறவுன்னு எல்லாத்துலயும் நல்லா நிமிந்து நின்னவங்க பாதி பேருதான், அதையும் மறைக்காம சொல்லணும். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா பக்கம் ஸ்கூல் புள்ளைங்களை பெரியவங்களாற வரைக்கும் பின்தொடர்ந்து பாத்ததுல, அந்த வயசுல காயப்படுத்திக்கிட்டவங்கள்ல 10க்கு 9 பேரு இருபது வயசைத் தாண்டினப்போ அதை விட்டுட்டிருந்தாங்க, 2012ல லான்செட்ன்ற மருத்துவ பத்திரிகையில வந்தது. விட்டவங்களுக்கும் அந்த வயசுல இருந்த மனக்கஷ்டம் தானா போயிடும்னு அர்த்தம் இல்ல, அதையும் பாக்கணும்.

வீட்டுல என்ன பேசறதுன்னு நீங்க கேக்கல, ஆனா அதுதான் எனக்கு முக்கியம். புது காயம் பாத்தா "ஏன்டி இப்படி பண்ணே, எங்களை சாவடிக்கவா"ன்னு வாய் வரைக்கும் வரும், முழுங்கிடுங்க. "வலிக்குதா, வா மருந்து போடலாம்"ன்னு மட்டும் சொல்லி கழுவி மருந்து போட்டு விடுங்க, ஆழமா இருந்தா தையல் போட ஜிஎச்சுக்கு போங்க. காரணம் கேக்கறது மறுநாள். இனிமே பண்ண மாட்டேன்னு அம்மன் மேல சத்தியம் வாங்காதீங்க, சத்தியம் உடைஞ்ச அன்னைக்கு உங்ககிட்ட சொல்றதையும் நிறுத்திடுவா. அவ கோவத்துல நீ அம்மாவே இல்லன்னு சொல்றப்போ, "உனக்கு இப்போ என் மேல ரொம்ப கோவம், நான் இங்கயேதான் இருக்கேன், கொஞ்சம் தணிஞ்சதும் பேசலாம்"ன்னு சொல்லிட்டு பக்கத்து ரூமுல இருங்க. கேக்க சாதாரணமா இருக்கும், செஞ்சு பாருங்க, எவ்ளோ கஷ்டம்னு தெரியும். அவ கேட்டதெல்லாம் வாங்கித் தரணும்னு நான் சொல்லல, போன் ராத்திரி ஹால்லதான் இருக்கணும்னா ஹால்லதான். ரூல் இருக்கட்டும், ஆனா அவ படற வேதனையை "இதெல்லாம் ஒரு கஷ்டமா"ன்னு தட்டி விடறது வேணாம். மத்தவங்களை விட சட்டுனு பத்திக்கிற மனசோட சில புள்ளைங்க பொறக்கறாங்க, அப்படிப்பட்ட புள்ளைக்கு "இதுக்கெல்லாமா அழுவாங்க"ன்னு வீடும் ஸ்கூலும் திரும்பத் திரும்ப சொன்னா இந்த மாதிரி போய் முடியலாம். இதுல உங்க வளர்ப்பு மட்டுமே காரணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

மாமியார் தாயத்து கட்டட்டும், எனக்கு அதுல சண்டை கிடையாது. மொளகா புகை போடறேன், வேப்பிலையால அடிக்கறேன்னு எவனாவது வந்தா மட்டும் வாசலோட அனுப்பிடுங்க.

எங்க போறதுன்னா, வேலூர் பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரியோட மனநல மையம் இருக்குது, புள்ளைங்களுக்குன்னே தனி யூனிட் இருக்குது. அட்மிட் ஆனா வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும்ன்றதை ரொம்ப காலமா வழக்கமா வெச்சிருக்கிற எடம், அதனால புள்ளைய எங்கயோ கொண்டு போய் அடைக்கறோம்ன்ற பயம் வேணாம். காசு பிரச்சனைன்னா அடுக்கம்பாறை கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. உங்க ஊர் ஜிஎச்சுலயே மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் என்னைக்கு வராருன்னு ஓபி சீட்டு தர்ற எடத்துல கேட்டுக்கோங்க. பாகாயம் போனா ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்கன்னு நெனைப்பீங்க. பேசட்டும், அவங்களா ராத்திரி முழிச்சிக்கினு உக்காந்திருக்கப் போறாங்க?

கேள்வி: எனக்கு 17. நான்தான் அந்த மாதிரி பண்றேன். வீட்ல தெரியாது. பன்னெண்டாவது, நீட் கோச்சிங் ரெண்டும் போவுது. இன்ஸ்டால ஒரு டெஸ்ட் எடுத்தேன், பிபிடின்னு வந்துச்சு. அதை பாத்ததும் ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் அப்பாடா எனக்கு என்னன்னு தெரிஞ்சிடுச்சுன்னு இருந்துச்சு. டாக்டர்கிட்ட போனா அப்பா அம்மாகிட்ட சொல்லிடுவாங்களா? (ராணிப்பேட்டை பக்கம், பேரு வேணாம்)

பதில்: கண்ணு, எழுதினியே, அதுவே எனக்கு சந்தோஷம். அந்த அப்பாடா எனக்கு புரியுது. இத்தனை நாளா நீ கெட்டவ, நீ ஓவர் ரியாக்ட் பண்றேன்னு கேட்டுட்டு இருந்த புள்ளைக்கு இது ஒரு பிரச்சனை, இதுக்கு வைத்தியம் இருக்குதுன்னு தெரியறப்போ அப்படித்தான் இருக்கும். ஆனா அந்த டெஸ்ட்டுக்கு உன்னைத் தெரியாது. நீ எத்தனை மணி நேரம் தூங்கறே, கோச்சிங்ல யாரு என்ன சொன்னாங்க, வீட்டுல என்ன நடக்குது, எதுவும் அதுக்கு தெரியாது. பேரை ஒரு ஓரமா வை, டாக்டர்கிட்ட போறப்போ "இப்படி ஒரு டெஸ்ட் எடுத்தேன்"ன்னு தாராளமா சொல்லு, நல்ல டாக்டர் சிரிக்க மாட்டாங்க.

நேரா பதில் சொல்றேன். நீ 18க்கு கீழ இருக்கறதால 2017 மனநல சட்டப்படி உன் சார்பா முடிவெடுக்கற பொறுப்பு அப்பா அம்மாவுக்குதான், அதனால வைத்தியம்னு வந்தா அவங்களுக்கு தெரியாம முழுசா நடத்த முடியாது. ஆனா நீ தனியா பேசற ஒவ்வொரு வார்த்தையும் அவங்ககிட்ட போவாது, உன் உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா, இல்ல யாராவது உன்கிட்ட தப்பா நடந்திருந்தா மட்டும் சொல்லியே ஆவணும். முதல் நாளே "எதை சொல்லுவீங்க, எதை சொல்ல மாட்டீங்க"ன்னு நீயே டாக்டர்கிட்ட கேட்டுடு, கேக்கற உரிமை உனக்கு இருக்குது. அப்பா அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியலன்னா டாக்டரையே பக்கத்துல வெச்சிட்டு சொல்லலாம், நிறைய பேரு அப்படித்தான் சொல்றாங்க. இல்லன்னா அத்தை, சித்தி, ஒரு டீச்சர், கத்தாம கேக்கற ஒரு பெரியவங்ககிட்ட மொதல்ல சொல்லு.

ஆஸ்பத்திரி போற வரைக்கும் 14416 நம்பருக்கு பேசு, டெலி மானஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழ்ல பேசுவாங்க. அந்த வேகம் வர்றப்போ ரூம்ல தனியா இருக்காதே, அம்மா பக்கத்துல போய் சும்மா உக்காரு, காரணம் சொல்ல வேணாம். முகத்துல நல்லா ஜில்லுன்னு தண்ணி அடிச்சு மூச்சை மெதுவா வெளிய விடு, மாடிப்படி ஏறி எறங்கு, ஒரு கால் மணி நேரம் தள்ளிப் போடறேன்னு மட்டும் நெனைச்சிக்கோ. தள்ளிப் போட்ட வேகம் பல சமயம் தானா எறங்குது. எறங்கலன்னா, சாகணும்னு தோணிச்சுன்னா, அப்போ ரகசியம் எல்லாம் வேணாம் கண்ணு, வீட்டுல எழுப்பு.

இன்னொண்ணு சொல்லணும். இந்த பிரச்சனைக்கு இன்னைக்கு உலகம் பூரா சொல்லித் தர்ற வைத்தியம் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, டிபிடின்னு சொல்லுவாங்க. அதை உண்டாக்கினவங்க மார்ஷா லினஹன்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட். அவங்க உன் வயசுல, 17ல, 1961ல, ஹார்ட்ஃபோர்டுல ஒரு மனநல ஆஸ்பத்திரியில சேந்து 2 வருஷத்துக்கு மேல இருந்தாங்க, அங்க தன்னை காயப்படுத்திக்கிட்டே இருந்தாங்க. 2011ல அதே ஆஸ்பத்திரி மேடையில நின்னு அதை எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. அது வரைக்கும் வெளி உலகத்துக்கு தெரியாது. நீட்ல மார்க் வர்றதுக்கும் வராததுக்கும் நடுவுல உன் வாழ்க்கை முடிஞ்சிடும்னு எவன் சொன்னாலும் இந்தம்மாவை நெனைச்சிக்கோ.

கேள்வி: நான் ஒரு ஸ்கூல்ல ஒம்பதாவதுக்கு கிளாஸ் டீச்சர். ஒரு பொண்ணு கையில காயம் பாத்தோம், ரெண்டு வாரத்துல அதே செட்ல இன்னும் மூணு பேரு. மேனேஜ்மென்ட்ல ப்ரேயர்ல வெச்சு எச்சரிக்கை பண்ணலாம், எல்லார் கையையும் செக் பண்ணலாம், மொதல்ல ஆரம்பிச்ச பொண்ணுக்கு டிசி குடுத்துடலாம்ன்றாங்க. எனக்கு மனசு கேக்கல. (ஆம்பூர் ஆசிரியை)

பதில்: டீச்சர், உங்க மனசு சொல்றதுதான் சரி. மூணுமே வேணாம். இந்த வயசுல இது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு பரவும்ன்றது உண்மைதான், ஒரே செட், ஒரே பெஞ்சு, ஒரே வாட்ஸ்அப் குரூப்னா இன்னும் வேகமா. ப்ரேயர்ல மைக்ல சொன்னீங்கன்னா அது வரைக்கும் தெரியாத ஐநூறு புள்ளைங்களுக்கும் சேத்து சொல்றீங்க. கையை வரிசையில நிக்க வெச்சு செக் பண்ணா அடுத்த வாட்டி கையில இருக்காது, கண்ணுல படாத எடத்துக்கு போயிடும். டிசி குடுத்து அனுப்பின பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா மீதி மூணு பேரும் அதை எப்படி தாங்குவாங்க?

நாலு பேரையும் தனித்தனியா கூப்பிடுங்க, சேத்து உக்கார வெச்சு பேசாதீங்க. மூணு பேரு பாத்து செஞ்சிருக்கலாம், அதுக்காக சும்மா காப்பி அடிச்சாங்கன்னு விட்டுடக் கூடாது, வலி இல்லாத புள்ளைக்கு இதை காப்பி அடிக்கணும்னு தோணாது. "உன் காயத்தை பாத்தேன், திட்ட கூப்பிடல, கொஞ்ச நாளா எப்படி இருக்கே"ன்னு ஆரம்பிங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மட்டும் வாக்கு குடுத்துடாதீங்க. வீட்டுக்கு சொல்லித்தான் ஆவணும், ஆனா புள்ளைக்கு முன்கூட்டியே தெரியணும், என்ன வார்த்தையில சொல்லப் போறீங்கன்னு அதுகிட்டயே பேசி முடிவு பண்ணுங்க. உங்க பக்கம் நிறைய அம்மாங்க ஷூ கம்பெனிக்கு காலைல போனா சாயந்திரம்தான் வருவாங்க, மத்தியானம் போன் போட்டு "உங்க பொண்ணு இப்படி பண்ணியிருக்கா"ன்னு ஒரே வார்த்தையில போட்டு உடைக்காதீங்க. நேர்ல வரச் சொல்லுங்க, அவங்க ஷிஃப்ட் முடியற நேரமா பாத்து.

வீட்டுலயோ வெளியிலயோ யாராவது பாலியல் தொந்தரவு குடுத்ததா புள்ள சொல்லிச்சுன்னா அது உங்களுக்குள்ள வெச்சிக்கிற விஷயம் இல்ல, 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் போலீசுக்கு சொல்லியே ஆவணும், 1098க்கு, குழந்தைங்க ஹெல்ப்லைனுக்கு, போன் பண்ணா என்ன பண்ணணும்னு சொல்லுவாங்க. மேனேஜ்மென்ட் பேரு கெட்டுடும்னு யோசிச்சா அவங்களுக்கும் இதே சட்டம்தான்.

அப்புறம் கிளாஸ்ல மத்த புள்ளைங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுங்க, ஃப்ரெண்டு இப்படி ஏதாவது சொன்னா ரகசியம் காப்பாத்தறது நட்பு இல்ல, ஒரு பெரியவங்ககிட்ட வந்து சொல்லணும்னு. காயத்தைப் பத்தி பேசாம இதை பேசலாம்.

கேள்வி: பையனுக்கு 15. கோவம் வந்தா செவுத்துல குத்தி கை எலும்பு உடைஞ்சிக்கினான், ரெண்டாவது வாட்டி. போன மாசம் மாத்திரை முழுங்கிட்டான், காப்பாத்திட்டோம். ஆஸ்பத்திரில போலீஸுக்கு எழுதினாங்க. கேஸ் ஆயிடுமா, பின்னாடி கவர்மென்ட் வேலைக்கு போனா தடங்கல் வருமா? (ஆற்காடு, தகப்பன்)

பதில்: சார், பயப்படாதீங்க. எம்எல்சின்னு போலீசுக்கு தகவல் குடுக்கறது ஆஸ்பத்திரி வழக்கம், வந்து விசாரிச்சு எழுதிட்டு போவாங்க. தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்ததாதான் எடுத்துக்கணும், வழக்கு போட்டு தண்டிக்கக் கூடாது, அவங்களுக்கு கவனிப்பும் வைத்தியமும் குடுக்கறது அரசாங்கத்தோட பொறுப்புன்னு 2017 மனநல சட்டம் 115வது பிரிவுல சொல்லுது. தற்கொலை முயற்சியையே குத்தம்னு சொன்ன பழைய ஐபிசி 309 இப்போ இல்ல, 2024 ஜூலை 1ல இருந்து வந்த புது சட்டத்துல அரசு ஊழியரை மிரட்டி வேலை வாங்கவோ தடுக்கவோ தற்கொலை முயற்சி பண்ணா மட்டும்தான் குத்தம். உங்க பையன் கேஸ் அது இல்ல. வைத்திய விவரத்தை ஆஸ்பத்திரி கண்டவங்களுக்கு குடுக்கவும் கூடாது, வேலைக்கு இதனால தடங்கல் வரும்னு நெனைச்சு டாக்டர்கிட்ட போகாம இருக்காதீங்க.

ஆனா சார், லெட்டர்ல போலீஸ் பத்தி, வேலை பத்தி எழுதியிருக்கீங்க, பையன் எதுக்கு மாத்திரை முழுங்கினான்னு ஒரு வரி கூட இல்ல. கேட்டீங்களா? செவுத்துல குத்தறதை ஆம்பளப் பையன்னா அப்படித்தான்னு விட்டிருப்பீங்க, அதுவும் தன்னை காயப்படுத்திக்கிறதுதான், பொண்ணுங்க பண்ணா பதறுறோம், பசங்க பண்ணா கட்டு போட்டு அனுப்பிடறோம். ஒரு முயற்சிக்கு அப்புறம் வர்ற சில மாசம்தான் ரொம்ப ஆபத்தான காலம். சிரிச்சு பேசறான், சாப்பிடறான்னு நிம்மதியாயிடாம இந்த வாரமே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. டிப்ரெஷனுக்கு மாத்திரை எழுதினா முதல் சில வாரம் பக்கத்துல இருந்து பாருங்க, தூக்கம் கெட்டு படபடன்னு ஆனான்னா அடுத்த ரிவ்யூ வரைக்கும் காத்திருக்காம போன் பண்ணுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. மாத்திரை அட்டை உங்க கையில இருக்கட்டும்.

கேள்வி: எங்க காலத்துல பத்து புள்ளைங்களை பெத்து வளத்தாங்க, எவனும் கையை கீறிக்கினது கிடையாது. இதெல்லாம் செல்போன் வந்ததுக்கு அப்புறம் வந்த ஃபாரின் வியாதி. இன்னா சொல்றீங்க? (கணியம்பாடி பக்கம், 74 வயசு வாசகர்)

பதில்: ஐயா, போன் மேல எனக்கும் கோவம் உண்டு. ஆனா உங்க ஊர் கணக்கையே சொல்றேன் கேளுங்க. உங்க கணியம்பாடி பிளாக்ல சிஎம்சிக்காரங்க வீடு வீடா பொறப்பு, சாவு எழுதி வெச்சிருந்தாங்க. 1992ல இருந்து 2001 வரைக்கும் 10 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் இருந்த புள்ளைங்க சாவை எடுத்துப் பாத்து 2004ல லான்செட்ல போட்டாங்க. வருஷத்துக்கு லட்சம் பொண்ணுங்கள்ல 148 பேரு, லட்சம் பசங்கள்ல 58 பேரு தற்கொலை. அந்த வயசுப் பொண்ணுங்க சாவுல பாதிக்கு மேல தற்கொலைதான். 1992ல கணியம்பாடியில எவன் கையில ஐயா செல்போன் இருந்துச்சு? வயித்துவலி தாங்காம செத்துட்டான்னு சொல்லி அடக்கம் பண்ண வீடு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அப்பவும் இருந்துச்சு, பேசல.

உங்ககிட்ட ஒரு உதவி கேக்கறேன். பேரப் புள்ளைங்க அப்பா அம்மாகிட்ட சொல்லாததை தாத்தாகிட்ட சொல்லும். திண்ணையில கூட உக்கார வெச்சிட்டு அட்வைஸ் பண்ணாம கேளுங்க.

கேள்வி: டிபிடி வைத்தியம் நம்ம பக்கம் கிடைக்குமா, எவ்ளோ நாள் ஆவும், இதுக்கு மாத்திரையே கிடையாதா? தங்கச்சிக்காக கேக்கறேன், வயசு 17, டாக்டர் பார்டர்லைன்னு எழுதிக் குடுத்துட்டார். (வாலாஜா வாசகர்)

பதில்: தம்பி, அந்த பிரச்சனைக்குன்னே தனியா ஒரு மாத்திரை கிடையாது. கூட டிப்ரெஷனோ, தூக்கமின்மையோ, வேற ஏதாவதோ இருந்தா அதுக்கு குடுப்பாங்க. நாலு அஞ்சு மாத்திரை சேந்து ஓடிக்கினு இருந்தா எது எதுக்குன்னு டாக்டரைக் கேளுங்க, கேக்கறது தப்பு இல்ல. முக்கியமானது பேச்சு வைத்தியம்தான்.

டிபிடியில பெரியவங்களுக்கு ஒரு வருஷம் போவும், புள்ளைங்களுக்கு சுருக்கி வெச்சிருக்காங்க, நார்வேல 77 புள்ளைங்களை வெச்சு 19 வாரம் பண்ணி பாத்ததுல காயப்படுத்திக்கிறது குறைஞ்சுது, 2014ல வந்த ரிசல்ட். வாரம் ஒரு வாட்டி தனியா பேசறது, இன்னொரு வாட்டி குரூப்ல அப்பா அம்மாவும் புள்ளையும் சேந்து கத்துக்கிறது. இந்த நிமிஷத்துல நிக்கறது எப்படி, தாங்க முடியாத நேரத்தை கெடுத்துக்காம கடக்கறது எப்படி, உணர்ச்சியை பேரு சொல்லி புடிக்கறது எப்படி, சண்டை போடாம வேண்டியதை கேக்கறது எப்படி, இதுதான் முக்கியமான பாடம். முழு டிபிடி, ஃபுல் டீமோட, எல்லா ஊர்லயும் கிடைக்காது. அதனால அது கிடைச்சாதான் வைத்தியம்னு உக்காந்துடாதீங்க. டாக்டர்கிட்ட "டிபிடியில சொல்லித் தர்ற திறமைங்களை தெரிஞ்ச சைக்காலஜிஸ்ட் இருக்காங்களா"ன்னு கேளுங்க, ஒரே ஆளுகிட்ட வாராவாரம் தவறாம போறது, முழு டீமுக்காக ஆறு மாசம் காத்திருக்கறதை விட மேல்.

இன்னொண்ணு, தங்கச்சிக்கும் அந்த டாக்டருக்கும் நடுவுல ஒரு நாள் சண்டை வரும். இவரும் என்னை விட்டுட்டாரு, இனிமே வர மாட்டேன்னு சொல்லுவா. அந்த வாரம்தான் கட்டாயம் போகணும், அந்த சண்டையை அங்கயே பேசி தீக்கறதே வைத்தியத்துல ஒரு பாகம். நீங்க அண்ணன், ஸ்கூட்டில பின்னாடி உக்கார வெச்சி கொண்டு போய் வுட்டுட்டு வெளிய டீ குடிச்சிக்கினு இருங்க. அடுத்த அப்பாயின்ட்மென்ட் சீட்டை நீங்களே வாங்கி வெச்சிக்கோங்க, அவ பையில போட்டா தொலைஞ்சிடும்.